ஒரே நாட்டை, ஒரே பாதையை நம்பி: சர்ச்சில் சொன்னதும் செட்டிநாடு இழந்ததும்

வின்ஸ்டன் சர்ச்சிலை நமக்குப் பிடிக்க ஒரு காரணமும் இல்லை. இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுக்கக் கூடாது என்று விடாப்பிடியாக நின்றவர் அவர். வங்கப் பஞ்சத்தின்போது அவர் நடந்துகொண்ட விதம் மன்னிக்கக் கூடியதும் அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனாலும், ஒரு நாடு தன் எரிபொருளுக்கு எப்படி உத்தரவாதம் தேடிக்கொள்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் 1913 ஜூலை 17 அன்று அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தப் பேச்சைச் செட்டிநாட்டில் பிறந்தவர்கள் ஒருமுறையாவது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சர்ச்சில் 1911-ல் கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சர் ஆனார். அப்போது பிரிட்டனின் போர்க்கப்பல்கள் பெரும்பாலும் நிலக்கரியில் ஓடிக்கொண்டிருந்தன. கரிக்குப் பஞ்சமே இல்லை. வேல்ஸ் மலைகளில் வெட்ட வெட்ட வந்தது. எண்ணெய்க்கு மாறினால் கப்பல் வேகமாகப் போகும், நடுக்கடலிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம், கொதிகலனுக்குள் கரி அள்ளிப் போட அத்தனை ஆட்கள் வேண்டாம். ஆனால் எண்ணெய் என்று சொல்லிக்கொள்ளும்படி பிரிட்டன் மண்ணில் அன்றைக்கு எதுவும் கிடைக்கவில்லை. கையில் இருக்கும் சொந்தக் கரியை விட்டுவிட்டு அடுத்தவன் ஊர் எண்ணெயை நம்பிக் கடற்படையைக் கொண்டுபோய் நிறுத்துவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1912-லேயே முழுக்க எண்ணெயில் ஓடும் பெரிய போர்க்கப்பல்களுக்கு உத்தரவு கொடுத்துவிட்ட சர்ச்சில், மறு வருடம் சபையில் அதற்குப் பதில் சொன்னார்.

எந்த ஒரு ரகத்தையும், எந்த ஒரு செய்முறையையும், எந்த ஒரு நாட்டையும், எந்த ஒரு பாதையையும், எந்த ஒரு எண்ணெய் வயலையும் நம்பி நாம் இருந்துவிடக் கூடாது. எண்ணெயில் பாதுகாப்பும் நிச்சயமும் பல இடங்களிலிருந்து வாங்குவதில் இருக்கிறது, அதில் மட்டுமே இருக்கிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

நூறு வருடம் தாண்டியும் உலகில் எரிசக்திப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் இந்த வாக்கியத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சொன்னதோடு அவர் நிற்கவும் இல்லை. 1914 ஜூனில், பாரசீகத்தில் (இன்றைய ஈரானில்) எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ஆங்கிலோ பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியில் 51 சதவீதப் பங்கை 22 லட்சம் பவுன் கொடுத்து அரசே வாங்க வைத்தார். அடுத்த இரண்டு மாதத்துக்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது.

இந்த ஆங்கிலோ பெர்ஷியன் யாருடைய பிள்ளை என்று பார்த்தால் நம் ஊர்க் கதை வருகிறது. அதைத் தொடங்கியது பர்மா ஆயில் கம்பெனி. 1886-ல் கிளாஸ்கோவில் உருவான அந்தக் கம்பெனி பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையில் ஏனாஞ்சவுங் என்ற இடத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தது. பாரசீகத்தில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் காசு தீர்ந்துபோனபோது, பிரிட்டிஷ் கடற்படையின் தூண்டுதலில் இந்தக் கம்பெனி பணம் போட்டது. 1908 மே மாதம் அங்கே எண்ணெய் பீறிட்டது. பர்மாவில் சம்பாதித்த பணம்தான் பாரசீக எண்ணெயைக் கண்டுபிடித்தது. பின்னாளில் இதே பர்மா ஆயில், ஷெல்லோடு சேர்ந்து இந்தியாவில் பர்மா ஷெல் ஆனது. 1976-ல் நம் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய பாரத் பெட்ரோலியத்தின் வேர் அது. என் அப்பா தலைமுறையில் பெட்ரோல் பங்கைக் காட்டி ‘பர்மா ஷெல்’ என்றே சொல்வார்கள்.

அதே காலம், அதே ஐராவதி. ஆற்றின் மேல்பக்கம் எண்ணெய், கீழ்ப்பக்கம் நெல். அந்த நெல்லுக்குப் பின்னால் நின்றது எங்கள் பணம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எங்கள் ஊர்களிலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போனவர்கள் ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடி (வட்டிக்கடை) போட்டார்கள். அங்கிருந்து பெகு, பியாபோன், ஹென்சாடா என்று உள்ளூர்களுக்குக் கடை போனது. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தபின் பர்மா அரிசிக்குச் சந்தை விரிந்தது. சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு ஏர் மாட்டுக்கும் விதைக்கும் கூலிக்கும் கடன் வேண்டும். வெள்ளைக்காரன் பேங்க் அவனை உள்ளே விடாது. நகரத்தார், அதாவது எங்கள் செட்டியார்கள், கொடுத்தார்கள். உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் இடமாகப் பர்மா ஆனது. இன்று சுற்றுலாப் பயணிகள் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் எங்கள் வீட்டு முகப்புத் தூண்களின் தேக்கும் அங்கிருந்து வந்ததுதான்.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் எங்கள் ஐயா (தாத்தா) காலத்து ஐந்தொகைகள் கிடக்கின்றன. வெளியூர்க் கடையின் மேலாள் தன் முறைக்காலம் முடியும்போது சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஊரில் இருக்கும் முதலாளிக்கு எழுதித் தரும் கணக்கு அது. மடிப்பில் கிழிந்துவிட்ட தாள், மங்கிய கருப்பு மை, ஓரத்தில் கரையான் தின்ற வளைவு. 1930-க்கு முந்தைய தாளில் பெரும்பகுதி ‘வரவேண்டியது’ என்ற தலைப்பின் கீழ் ஆள் பெயர்கள். மவுங் என்று தொடங்கும் பர்மியப் பெயர்கள் வரிசையாக நீள்கின்றன. அதற்கு அடுத்த முறைத் தாளில் அந்தப் பெயர்கள் பாதிக்கு மேல் காணோம். அந்த இடத்தில் ‘நிலம்’ என்று ஒரு புதுத் தலைப்பு, அதன் கீழ் ஏக்கர் கணக்கு. எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது: 1930-ல் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை தரைக்கு வந்தது, கடனைக் கட்ட முடியாத விவசாயி நிலத்தை விட்டுவிட்டுப் போனான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1937-ல் அது 25 சதவீதம். எங்கள் ஐந்தொகையில் நான் பார்த்தது அந்தப் பெரிய கணக்கின் ஒரு துளி. பர்மியர்களுக்கு நம்மவர் மேல் வந்த கோபத்துக்கும் அதுவே காரணம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தத் தாள்களில் இன்னொன்றும் உண்டு. எத்தனை புரட்டினாலும் பர்மாவைத் தவிர வேறு ஊர் இல்லை. கொழும்பு இல்லை, பினாங்கு இல்லை, சைகோன் இல்லை. முழு முதலும் ஒரே நாட்டில், ஒரே பயிரில், ஒரே கப்பல் பாதையில்.

1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. ஏப்ரலில், பின்வாங்கிய ஆங்கிலேயரே ஏனாஞ்சவுங் எண்ணெய்க் கிணறுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள், எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். பர்மாவை விட்டு அந்த வருடம் கிளம்பிய இந்தியர்கள் 4 முதல் 5 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். எங்கள் அப்பத்தா அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது அழுததில்லை. “கடுதாசி வரல. அடுத்த மாசமும் வரல. அப்பறம் ஆளு வந்துச்சு, காசு வரல” என்று மட்டும் சொல்லும்.

போர் முடிந்தபின் சிலர் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தது. அதே வருடம் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-க்குப் பின் தளபதி நெவினின் ராணுவ ஆட்சியில் கடைகளும் போயின. மலேயாவும் போரில் ஜப்பானியர் கையில் விழுந்த நாடுதான், ஆனால் அங்கே திரும்பிப் போய்க் கடை திறக்க முடிந்தது. கொழும்பிலும் பினாங்கிலும் ஒரு கடை வைத்திருந்த குடும்பங்கள் தள்ளாடினாலும் நின்றன. பர்மாவில் மட்டும் வைத்திருந்த வீடுகளில் முதலில் வெள்ளி போனது, அப்புறம் நிலைக்கதவுகள் விற்பனைக்குப் போயின.

ஐயா முட்டாள் இல்லை, பேராசைக்காரரும் இல்லை. லாபம் பர்மாவில் இருந்தது, ஆள் பழக்கம் அங்கே இருந்தது, நம்பிக்கையான மேலாள் அங்கே இருந்தார். சைகோனில் கடை போட்டால் வட்டி குறையும், மொழி தெரியாது, புது ஆளை நம்ப வேண்டும். எந்த ஒரு வருடத்தை எடுத்துப் பார்த்தாலும் பர்மாதான் சரியான கணக்கு. மொத்தமாகப் பார்க்கும்போதுதான் அது தப்பான கணக்கு. எரிபொருள் கொள்கையின் கஷ்டம் முழுக்க இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நல்ல காலத்தில் ஒரே இடத்தில் வாங்குவதுதான் மலிவு. இரண்டாவது வழியைத் திறந்துவைக்கச் செலவாகும், அந்தச் செலவு ஒவ்வொரு வருடமும் வீண் போலவே தெரியும். ஓட்டுக்கு நிற்கிற யாருக்கும் அந்தச் செலவைச் செய்ய மனசு வராது. சர்ச்சில் செய்ய வைத்தார். அந்த அளவுக்கு அவரை மதிக்கிறேன்.

சரி, இப்போது வங்கத்துக்கு வருகிறேன். பர்மா விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் தவித்தது, இலங்கை தவித்தது, வங்கத்தில் அதனோடு புயலும் பதுக்கலும் விலையேற்றமும் சேர்ந்தன. 1943-ல் 20 முதல் 30 லட்சம் பேர் வரை செத்தார்கள். தானியம் கொண்டுவரக் கப்பல் கொடுங்கள் என்று டில்லியிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிரதமராக இருந்தவர் சர்ச்சில். கேட்டதில் கொஞ்சம்தான் வந்தது, அதுவும் காலம் கடந்து. தன் கப்பல்களுக்கான எண்ணெய்க்கு ஒரு நாட்டை, ஒரு பாதையை நம்பக் கூடாது என்று முப்பது வருடத்துக்கு முன்னால் அவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிதர், தன் ஆட்சியின் கீழ் இருந்த கோடிக்கணக்கான வயிறுகளுக்கு இரண்டாவது வழி ஒன்றை ஏற்பாடு செய்யவில்லை. பாரசீகத்திலும் அப்படித்தான். 1951-ல் அந்நாட்டுப் பிரதமர் மொசாதேக் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். 1953-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தபோது லண்டனில் பிரதமர் மறுபடியும் சர்ச்சில்தான். அவருடைய கொள்கையில் ‘நாம்’ என்ற சொல்லுக்குள் யார் வருகிறார்கள் என்பது மிகவும் குறுகலாக இருந்தது. கொள்கையை எடுத்துக்கொள்வோம், அந்தக் குறுகலை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 1973-ல் எண்ணெய் விலை நான்கு மடங்கானபோது அடி வாங்கினோம். 1990-ல் குவைத் போர் வந்தபோது அந்நியச் செலாவணி கரைந்து, அடுத்த வருடம் தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்குப் போனோம். அதன்பின் நாம் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்கும் குகைகளைக் கட்டினோம். 2020-ல் கொரோனா காலத்தில் எண்ணெய் விலை சரிந்தபோது பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கி அவற்றை நிரப்பினார்கள். 5,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசு சொன்னது. யார் ஆட்சி என்று பார்க்காமல் பாராட்ட வேண்டிய காரியம் அது. ஆனால் அந்தக் குகைகள் முழுதும் நிரம்பியிருந்தாலும் நாட்டுக்கு ஒன்பதரை நாள்தான் தாங்கும். எண்ணெய்க் கம்பெனிகளின் சொந்தக் கிடங்கையும் சேர்த்தால் 74 நாள் என்று கணக்குச் சொல்கிறார்கள். சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளுக்கு விதித்திருப்பது 90 நாள் இறக்குமதிக்கு ஈடான இருப்பு. ஒடிசாவின் சண்டிக்கோலிலும் பாதூரிலும் மேலும் 65 லட்சம் டன்னுக்கு 2021-லேயே அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை நகரும் வேகம் போதவே போதாது.

எண்ணெய் வாங்கும் இடங்களைப் பொறுத்தவரை நாம் பரவாயில்லை. உக்ரைன் போருக்கு முன் ரஷ்யாவிடம் வாங்கியது 2 சதவீதம் அளவுக்குத்தான். போர் தொடங்கியபின் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கினோம், சரிதான். ஆனால் 2025 ஆகஸ்டில் அதைக் காட்டியே அமெரிக்கா நம் பொருள்களுக்குக் கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. மலிவு என்று ஒரு பக்கம் சாயும்போது எந்தப் பக்கமிருந்து அடி விழும் என்று சொல்ல முடியாது.

எனக்கு உண்மையான பயம் சமையல் எரிவாயுவில்தான்.

நாடு ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடி டன் சமையல் எரிவாயு எரிக்கிறது. அதில் 60 சதவீதம் இறக்குமதி. இறக்குமதியில் மிகப் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து, ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. குறுகலான இடத்தில் 40 கிலோமீட்டர்கூட அகலம் இல்லாத கடல். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது அந்த நீரிணையை மூட வேண்டும் என்று ஈரான் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அந்த முறை மூடவில்லை. கச்சா எண்ணெய்க்கு இருப்பதுபோல எரிவாயுவுக்குப் பெரிய இருப்புக் குகைகள் கிடையாது. விசாகப்பட்டினத்தில் 60,000 டன், மங்களூருவில் 80,000 டன். இரண்டையும் சேர்த்தால் நாட்டுக்கு இரண்டு நாள் சமையலுக்குக் காணாது. துறைமுகத் தொட்டியிலும் பாட்டிலிங் பிளான்ட்டிலும் இருப்பதை வைத்துத்தான் மீதி நாளை ஓட்ட வேண்டும். ஒரு நாடு, ஒரு பாதை என்று சர்ச்சில் எச்சரித்தது எதை என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

அந்த ஜூனில் காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் நீலச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன, பத்தொன்பது கிலோ. மூலையில் சீமைக்கருவேல விறகு அடுக்கியிருந்தது, மேலே சாக்கு. கேஸ் நின்றால் என்ன செய்வீர்கள் என்றேன்.

“வெறகு இருக்குண்ணே, அது ஒண்ணும் பெரிசில்ல. இங்க காடு பூரா அதான நிக்குது. ஆனா இப்ப என்கிட்ட இருக்குற பசங்களுக்கு வெறகடுப்புல நிக்கத் தெரியாது. தணலத் தள்ளி வைக்கத் தெரியாது, எப்ப இழுக்கணும்னு தெரியாது. பாயசத்த அடி பிடிக்க வச்சிருவானுங்க. நானும் இன்னும் ரெண்டு வயசான ஆளும்தான். ஐநூறு எலைன்னா எப்படிச் சமாளிக்கிறது?”

நான் அதுவரை இருப்பை டன்னிலும் நாளிலும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆளில் யோசித்தார். மாற்று வழி என்பது கொட்டகையில் கிடக்கும் விறகு மட்டும் கிடையாது. அதை எரிக்கத் தெரிந்த கையும் வேண்டும். விறகுக்குத் திரும்பச் சொல்லவில்லை. அந்தப் புகையில் கண்ணையும் நுரையீரலையும் கெடுத்துக்கொண்ட பெண்களை நான் பார்த்து வளர்ந்தவன். வீடுகளில் பாதிச் சமையலாவது மின்சார அடுப்புக்குப் போக வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டும் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மின்சாரத்தை நம் கரியிலும் காற்றிலும் வெயிலிலும் அணுவிலும் எடுக்கலாம். எங்களுக்குத் தெற்கே கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016 முதல் ஓடுகிறது. வெயிலை யாரும் நீரிணையில் மறிக்க முடியாது.

ஆனால் அந்த வெயிலைப் பிடிக்கும் தகடுகளை எங்கே செய்கிறார்கள்? உலகச் சூரியத்தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. மின்கலத்துக்கான லித்தியத்தைச் சுத்திகரிக்கும் தொழிலும் பெரும்பாலும் அங்கேதான் குவிந்து கிடக்கிறது. 2025 ஏப்ரலில், வண்டி மோட்டார்களுக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் நம் வண்டித் தொழிற்சாலைகள் திணறின. ஹோர்முஸை விட்டு வெளியே வந்து இன்னொரு ஒற்றை வாசலில் போய் நின்றால் ஐயா செய்ததையே நாமும் செய்கிறோம்.

இங்கேதான் எங்கள் ஊருக்கு ஒரு வேலை இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாங்கள் சிக்ரி என்போம். பர்மா கைவிட்டுப்போன அதே காலத்தில், செட்டிநாட்டுப் பணம் ஒன்று கடல் தாண்டாமல் இந்தச் செம்மண்ணிலேயே போட்ட முதல் அது. அங்கே மின்கல ஆராய்ச்சி பல காலமாக நடக்கிறது. லித்தியம், அதற்கு மாற்று என்று வேலை பார்க்கிற இளைஞர்களை ரயில் நிலையத்தில் பார்க்கிறேன். அவர்கள் படித்து முடித்ததும் வெளிநாடு போய்விடாமல் இங்கேயே இருக்க, ஆய்வகத்தில் செய்ததைத் தொழிற்சாலை அளவில் செய்து பார்க்க, பணம் வேண்டும். முதல் சில வருடம் அந்தப் பணம் வீண் போலத்தான் தெரியும்.

தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் தெருவுக்கு வருகிற வேட்பாளர்கள் சிலிண்டர் விலையைக் குறைப்போம் என்கிறார்கள். ஹோர்முஸ் மூடினால் எத்தனை நாளைக்குக் கேஸ் இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அடுத்த முறை நான் கேட்கப்போகிறேன். எரிவாயுவுக்கு ஒரு மாத இருப்புக் குகைகள் கட்ட, வளைகுடாவுக்கு வெளியேயும் நீண்டகால ஒப்பந்தம் போட, சிக்ரி மாதிரி இடங்களில் முதல் போட என்று கணக்குக் காட்டி, சிலிண்டருக்கு இருபது ரூபாய் கூடும் என்று ஒருவர் சொன்னால், நான் கொடுக்கத் தயார். முடியாத வீடுகளுக்கு அதை அரசே ஏற்கட்டும். அப்படிச் சொல்கிற வேட்பாளருக்கு, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், என் ஓட்டு.